உப்பில்லாத ஆடி மாதம்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் ரேவதியும் அத்திப்பட்டில் பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டுக்குக் குடி போகிறீர்கள். அவளுடைய அங்கன்வாடி அங்கே, நீ வேலை செய்யும் கன்டெய்னர் யார்டு காட்டுப்பள்ளியில், அதனால் அதுதான் சௌகரியம் என்று நானேதான் சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு நாளாக அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். உன் கல்யாண மேடையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி ஒரே மாதிரி பேசினார்கள். தங்கமான பிள்ளை, ஒரு சொட்டு தொடமாட்டான், வேலை விட்டால் வீடு. என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்து வைத்தவள் என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே சந்தனம் கொடுத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆத்திரம். பிறக்கும்போதே கூட வந்த நிறம் மாதிரி அதைச் சொல்கிறார்களே, என் பிள்ளை அதற்கு என்ன பாடுபட்டான் என்று இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. அதை எழுதலாமா என்று உன்னிடம் கேட்டேன். ஷூவுக்குக் கயிறு கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாய். "எழுதுமா. நம்ம மாரி இன்னொரு வூட்ல படிச்சா ஒதவும். பேரு மட்டும் போடாத, யார்டுல ஓட்டித் தள்ளிடுவானுங்கோ" என்றாய். அதனால் இதில் உன் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான் என்பது உனக்குத் தெரியும். மீதியை அம்மன் பாட்டுப் புத்தகங்களிலும் மளிகைச் சாமான் கட்டிவந்த பேப்பரிலும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து வீட்டுக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு குணம் வந்துவிடும். எதையும் அதனதன் தலைப்பில் போட்டால்தான் மனசு ஆறும். பால் தனி, கேஸ் தனி, கோயில் தனி, வைத்தியம் தனி. ஒன்றில் ஒன்று கலந்தால் மாதக் கடைசியில் எனக்குத் தலை சுற்றும். இந்தக் குணத்தால் குடும்பம் நன்றாகத்தான் ஓடியது. உன் விஷயத்தில்தான் அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்ல வருகிறேன்.

நம் குடியிருப்பு மாடிப்படிக்கு நீ பெயின்ட் அடித்தது நினைவிருக்கிறதா? உனக்கு முழுதாக நினைவிருக்குமோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நீ யார்டில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெற்றிலை எச்சிலும் கரித்தூளும் படிந்து கிடந்த படிக்கட்டை, கீழ்வாசலிலிருந்து மொட்டைமாடி வரை, யாரும் கேட்காமல் நீயே நீல நிறமாக ஆக்கினாய். பகல் டூட்டி முடிந்து வருவாய், யூனிஃபார்மோடு பிரஷ்ஷை எடுப்பாய். தூங்கியதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் துப்பாதீர்கள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு தாமரையும் வரைந்தாய். எதிர்வீட்டுக்காரர்களிடம் காசிமேட்டில் விசைப்படகில் பங்கு வாங்கப்போவதாகச் சொன்னாய். நம் வம்சத்தில் யாரும் கடலுக்குப் போனதில்லை. ஆனால் உன் பைக்கைக் கொண்டுபோய் முன்பணமாகக் கொடுத்துவிட்டே வந்துவிட்டாய். பேச்சு அருவி மாதிரி வந்தது. படியேறும் பெண்களெல்லாம், "புள்ளன்னா இதுதாம்மே புள்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் பூரித்துப்போனேன். அம்மன் என் மகனுக்கு ஒரு சக்தியைக் கொடுத்திருக்கிறாள் என்று தெருக்கோடிக் கோயிலில் தேங்காய் உடைத்தேன். அது நோயின் ஒரு முகம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பெயின்ட் காய்வதற்குள் நீ படுத்துவிட்டாய். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன், சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை. நீ வேலைக்குப் போகாததால் யார்டிலிருந்து ஆளனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எழுந்திருக்கக் குடித்தாய், குடித்ததால் விழுந்தாய், விழுந்ததற்கு மறுபடி குடித்தாய். உன் நைனாவுக்கு இதில் ஒரு பக்கம்தான் தெரிந்தது. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற மனிதர், வரிசையில் லாரிகளோடு இரவு பகலாக நின்று பழகியவர், பையன் காலை நேரத்தில் படுத்துக்கிடந்தால் அது திமிர் என்பதுதான் அவர் கணக்கு. "குடிய வுட்டா எல்லாம் சரியா பூடும்" என்று ஒரே வாக்கியத்தை வருஷம் முழுக்கச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. குடி கண்ணுக்குத் தெரிந்தது, மற்றது தெரியவில்லை.

குடியை மறக்கடிக்கும் இல்லம் ஒன்றில் உன்னைச் சேர்த்தோம். அங்கே நீ, தலைக்குள் யாரோ ரேடியோவை மாற்றிக்கொண்டே இருப்பது போல் இருக்கிறது என்று சொன்னாயாம். முதலில் குடி நிற்கட்டும், மனசு தானாக அடங்கும் என்று அனுப்பிவிட்டார்கள். குடிக்காமல் திரும்பி வந்தாய், ஆனால் மனசு அடங்கவில்லை, கொஞ்ச நாளில் குடியும் திரும்பி வந்தது. பிறகு தெரிந்தவர்கள் சொல்லி ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தூக்கம் எப்படி, செலவு எப்படி, பேச்சு எப்படி. கடைசியில், குடிப்பழக்கம் உண்டா என்றார். நீ வாயைத் திறந்தாய். அதற்குள் நான், இல்லை சார் என்றேன். குடிகாரன் என்று தெரிந்தால் முதலில் அதை விட்டுவிட்டு வா என்று இவரும் வாசலைக் காட்டிவிடுவாரோ என்று பயம். வெட்கமும்தான், மறைப்பானேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மனசு ஒரேயடியாக ஏறிப் பிறகு ஒரேயடியாக விழுகிற நோய் இது என்று சொல்லி அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயர் லித்தியம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். சாப்பாட்டைப் பற்றியும் ஏதோ சொன்னார். என் காதில் பாதிதான் ஏறியது. நான் என் பொய்யையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் என் கணக்குப் புத்தி வேலை செய்தது. மனசுக்கு டாக்டர், குடிக்கு அம்மன் என்று உன்னை இரண்டு தலைப்பாகப் பிரித்துவிட்டேன். டாக்டரிடம் குடியைச் சொல்லவில்லை. கோயிலில் மாத்திரையைச் சொல்லவில்லை. ஆடி பிறந்ததும் உன் கையில் மஞ்சள் காப்புக் கட்டவைத்தேன். கூழ் ஊற்றும் நாள் வரை ஒருவேளை உணவு, அதுவும் உப்பில்லாமல், அன்றைக்குப் பால்குடம். நம் தெருவில் எத்தனை பேர் இந்த விரதம் இருந்து குடியை விட்டிருக்கிறார்கள், நீயும் விடுவாய் என்று நம்பினேன். நீயும் மறுக்கவில்லை. காப்புக் கட்டிய பிறகு ஒருநாளும் நீ குடிக்கவில்லை. உப்பில்லாத சோற்றை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாய். மாத்திரையையும் ஒருவேளை விடாமல் போட்டாய். இரண்டு பக்கமும் பிள்ளை ஒழுங்காக இருக்கிறானே என்று எனக்கு அப்படி ஒரு நிறைவு. நடுவில் கை நடுங்குகிறது என்றாய். குடியை நிறுத்தினால் நடுங்கும் என்று நைனா சொன்னார். வயிறு சரியில்லை என்றாய். விரதத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

கூழ் ஊற்றிய அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நீ மஞ்சள் வேட்டியோடு பால்குடம் தூக்கி வரிசையில் நான்காவதாக வந்தாய். தேரடிப் பக்கம் திரும்பும்போதே உன் கால் பின்னியது. குடம் சரிந்து பால் தோளில் வழிந்தது. பெண்களில் பாதிப் பேர், அம்மா வந்துட்டா என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு, மப்புல கீறான் பாரு என்றார்கள். நைனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து உன்னை வரிசையிலிருந்து இழுத்தார்.

"சாமி காரியத்துலயாடா குட்ச்சிட்டு வந்து நிப்ப? மானம் பூடுச்சுடா."

நீ பேசியபோது நாக்கு குழறியது. அந்தக் குழறலே உனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. "குடிக்கல நைனா" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, சத்தியமா குடிக்கல மா" என்றாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. பாலும் மஞ்சளும் வியர்வையும்தான். அப்போதாவது நம்பியிருக்க வேண்டும். வாசனை வராத ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். பெற்றவளே நம்பாதபோது தெரு எப்படி நம்பும்? நீ கோயில் மதில் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாய். கண் ஒரு பக்கமாகச் செருகியது. அப்புறம்தான் ஆட்டோவைக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் இருந்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். தெருக்காரர்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று நைனா, "மாத்திரையும் இல்ல ஒண்ணும் இல்ல டாக்டர், இது தண்ணி கேசு" என்று முடித்துவிட்டார். டாக்டர் எழுதப் போனார். அவர் எழுதிவிட்டால் உன்னை ஒரு ஓரத்தில் படுக்கவைத்து, தெளியட்டும் என்று விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"லித்தியம் சாப்புடறான் டாக்டர். குடியும் உண்டு, இப்ப நிறுத்திக்கினு கீறான். ஆடி பொறந்ததுலேந்து உப்பு தொடல."

மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே ஆளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. குடி என்றபோது அவர் தலையாட்டினார். உப்பு என்றதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ரத்தம் எடுத்தார்கள், பாட்டில் ஏற்றினார்கள், மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் இந்த மருந்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அது சேரச் சேர விஷமாகும், பார்க்கிறவர்களுக்குக் குடித்தவன் தள்ளாடுவது போலவே இருக்கும் என்று பிறகு எனக்கு விளக்கினார்கள். நீ வாழ்க்கையிலேயே ஒழுங்காக இருந்த மாதம் அது, கண்ணு. இரண்டு சொல்லையும் தட்டாமல் கேட்டாய். அந்த இரண்டு சொல்லும் ஒன்றையொன்று அறியாதபடி வைத்தது நான். குடிக்காத அன்றைக்குத்தான் ஊரே உன்னைக் குடிகாரன் என்றது.

நான் அம்மனைக் குற்றம் சொல்லமாட்டேன். அவள் கேட்டிருந்தால், டாக்டரிடம் சொன்னதை என்னிடம் ஏன் மறைத்தாய் என்றுதான் கேட்டிருப்பாள். அந்த மேல்மாடியிலேயே, எதையும் மறைக்காமல் சொல்லக்கூடிய இடத்தில் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் என்பது என் நம்பிக்கை. ஏனென்றால் அங்கேதான் அந்தப் பெரிய டாக்டரம்மா வந்தார். மனசுக்கும் குடிக்கும் ஒரே அறை, ஒரே ஃபைல், அவரே இரண்டையும் பார்த்தார். எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது. குடியால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் குடித்தானா, எது முதலில் வந்தது என்று கேட்டேன். "அதத் தேடி நேரத்த வீணாக்காதீங்கம்மா. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கை கொடுத்துக்கிட்டு ஏறுது. ஒண்ண மட்டும் இறக்கினா இன்னொண்ணு திரும்பத் தூக்கி வுட்டுடும். ரெண்டையும் சேத்துத்தான் இறக்கணும்" என்றார். விரதத்தைப் பற்றித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இனிமேல் எந்த விரதமானாலும் என்னிடம் சொல்லிவிட்டு இருக்கட்டும், சாப்பாட்டைத் தொடாத நேர்த்திக்கடன் ஏதாவது இருக்கிறதா என்று என்னையே கேட்டார். எலுமிச்சை விளக்கு உண்டு என்றேன். அதை ஏற்றட்டும் என்றார். இப்போது உப்பில்லா விரதத்தை உனக்காக நான் இருக்கிறேன். எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் அதற்கு மட்டும் என் டாக்டர் மகிழ்ந்துபோய் அனுமதி கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் பெருமைப்படுகிற கதை. மருந்தைக் குறைத்துத் திரும்ப ஆரம்பித்தார்கள், குடி ஆசையை அடக்க வேறொரு மாத்திரை சேர்த்தார்கள். உட்காரவைத்துப் பேசினார்கள், உன்னைப் போன்றவர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசவைத்தார்கள். எங்களையும் வரச் சொன்னார்கள். நைனா முதல் நாள் படியேறும்போதே, "இன்னாமே இது, இவனுக்குக் காச்சல் வந்தா எனக்கு ஊசி போட்றாங்கோ" என்று முனகினார். உள்ளே போனதும், சனிக்கிழமை வீட்டில் பாட்டில் திறப்பீர்களா என்று அவரைக் கேட்டார்கள். உழைக்கிற உடம்பு என்று ஆரம்பித்தார். உன்னைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார். அந்தச் சனிக்கிழமையிலிருந்து நம் வீட்டுக்குள் பாட்டில் வரவில்லை.

நேர்கோடாக நீ தேறிவரவில்லை. போனஸ் வாங்கிய அன்று யார்டு ஆட்களோடு போய்க் குடித்துவிட்டாய். முன்பெல்லாம் இப்படி நடந்தால் மூன்று நாளைக்கு வீட்டில் பொய்யும் கதவு அடைப்புமாக இருக்கும். இந்த முறை, மறுநாள் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாடிக்கு ஏறி வந்து என் முன்னால் நின்றாய். "நேத்து குட்ச்சிட்டேன் மா. மாத்திரையும் போடல. இன்னிக்கு டாக்டராண்ட போய் சொல்லப்போறேன்" என்றாய். என் கையில் ஈரத்துணி இருந்தது. அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. நைனா கீழே தன் பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது, நீ அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாய். குடிக்காமல் இருந்த மாதங்களைவிட, குடித்ததை நீயே வந்து சொன்ன அந்தக் காலை எனக்குப் பெரிது. என் பிள்ளை இனிப் பிழைத்துக்கொள்வான் என்று நான் முதலில் நினைத்தது அன்றைக்குத்தான்.

பிறகு நீ இரவு ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய். இரவு ஷிப்டில்தான் கூடுதல் படி என்று எனக்குத் தெரியாதா? காரணம் கேட்ட சூபர்வைசரிடம், தூக்கம் கெட்டால் எனக்கு உடம்பு கெட்டுவிடும், மருந்து சாப்பிடுகிறேன் என்று நேராகச் சொன்னாய். அன்றிலிருந்து அங்கே உனக்குப் பெயர் பகல் மாப்பிள்ளை. நீயே அதைச் சொல்லிச் சிரித்தபோது, நான் ஒரு டாக்டரிடம் சொல்லப் பயந்ததை நீ ஒரு யார்டுக்கே சொல்லிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ரேவதி விஷயத்திலும் என் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. நல்ல இடம், நல்ல பெண், கல்யாணம் ஆகட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். நீ கோபப்படவில்லை. "அப்புறம்னா எப்பமா? நான் ஆஸ்பத்திரில கெடக்கும்போதா?" என்று மட்டும் கேட்டாய். திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்விட்டு, வெளியே கரும்புச்சாறு கடை பெஞ்சில் நாம் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். ரேவதி, அவள் அம்மா, நீ, நான். நீ இரண்டு நோயின் பெயரையும் சொன்னாய். மாத்திரையைச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னாய். ஒருமுறை தவறியதையும் சொன்னாய். அவள் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான் மனசுக்குள் தாயே தாயே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரேவதி மட்டும் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"எங்கப்பாவுக்கு சுகரு, பிரஷரு ரெண்டும் கீது. ஒரே டாக்டருதான் பாக்கறாரு. சொல்பேச்சு கேக்காம ஜிலேபி துண்றாரு. நீ எப்படி?"

"நான் ஜிலேபி துண்றதில்ல" என்றாய் நீ. அவள் சிரித்துவிட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. இரண்டு வாரம் யோசித்து, உன் டாக்டரம்மாவை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சரி என்றார். அவர் செய்தது நியாயம். பெண்ணைப் பெற்றவர் கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டுச் சம்மதித்ததால்தான் அந்தச் சம்மதத்தின்மேல் நீங்கள் இரண்டு பேரும் தைரியமாகக் கால் வைத்து நிற்கிறீர்கள்.

கல்யாணத்தையும் நீ உன் தூக்கத்தைச் சுற்றித்தான் கட்டினாய். விடியற்காலை முகூர்த்தம்தான் விசேஷம் என்று பெரியவர்கள் நின்றார்கள். ராத்திரி வரவேற்பு முடிந்து படுப்பதற்குள் மேளம் கொட்ட ஆரம்பித்துவிடுமே, எனக்குத் தூக்கம் வேண்டும் அம்மா என்றாய். நான் ஐயரிடம் போய்ப் பத்து மணிக்குமேல் ஒரு நல்ல நேரம் கேட்டு வாங்கி வந்தேன். வரவேற்பை வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிச் சீக்கிரம் முடித்ததில் மண்டபத்துக்காரரே அசந்துபோனார். உன் தோஸ்துகள் விடவில்லை. பார்ட்டி இல்லாத கல்யாணம் கருமாதி மாரி கீது மச்சான் என்று ஒருவன் சொன்னதும், "அப்ப ரெண்டு டம்ளர் பாயசம் குட்ச்சிட்டு சொர்க்கத்துக்குப் போ" என்றாய் நீ. சிரிப்பு அடங்குவதற்குள் படுக்கப் போய்விட்டாய். மறுநாள் மணவறையில் தெளிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாயே, அந்த முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் நகையையும் மாலையையும் பார்த்திருப்பார்கள்.

இப்போது புத்தி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். சொல்ல நிறைய இல்லை, நான் சொல்லி நீ கற்றதைவிட உன்னைப் பார்த்து நான் கற்றது அதிகம். வெயில் காலத்தில் யார்டில் தண்ணீர் பாட்டில் காலியாகவிடாதே. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, இரண்டையும் சொல். அத்திப்பட்டில் கரித்தூள் ஜாஸ்தி, ஜன்னலுக்குத் துணி கட்டுங்கள். நன்றாக இருக்கிறேனே, இனி எதற்கு மருந்து என்று ஒருநாள் தோன்றும். தோன்றியதைத் தப்பென்று நினைத்து மறைக்காதே. மாடிக்கு ஏறி வந்து என்னிடம் சொன்னாயே, அப்படி யாரிடமாவது சொல்லிவிடு. சொன்னதால் நீ எதையும் இழந்ததில்லை. மறைத்த நான்தான் உன்னை இழக்கப் பார்த்தேன்.

போன வாரம் சமையலறையில் ரேவதியிடம் மாத்திரை டப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தேன். எது காலை, எது ராத்திரி, நாக்கின் அடியில் ஒளித்துக்கொள்கிறானா என்று எப்படிப் பார்க்க வேண்டும், வேலை விட்டு வந்ததும் எப்படிப் பேச்சுக் கொடுத்துப் பக்கத்தில் போக வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வாசலில் நின்றதைக் கவனிக்கவில்லை. வந்து டப்பாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாய். பிடுங்கவில்லை, எடுத்துக்கொண்டாய். "எனக்கு இன்னொரு அம்மா வாணாம்மா. ஒண்ணு போதும். அவ பொண்டாட்டியா இருக்கட்டும். மாத்திர என்னுது, நான் பாத்துக்கறேன்" என்றாய். ரேவதி தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்தாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் உள்ளே போன பிறகு நீ மெதுவாகச் சொன்னாய்: "நான் வூட்டுக்கு வரும்போதெல்லாம் நீ கிட்ட வந்து மோந்து பாக்கறது எனக்குத் தெரியும்மா. இத்தினி வருசமா தெரியும். அன்னிக்குக் கோயிலாண்ட சொன்னேனே, குடிக்கலன்னு." மோர் எடுத்துக் குடித்துவிட்டு வெளியே போய்விட்டாய்.

அதற்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். கத்தியைக் கழுவினேன், அடுப்பைத் துடைத்தேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதிலுக்காகத்தான் என்று இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு காவல் காத்தேன். ஆரம்பத்தில் அது தேவையாகவும் இருந்தது. அப்புறம் நோய் அடங்கியது, காவல் அடங்கவில்லை. நீ டாக்டரிடம் உண்மை சொன்னாய், சூபர்வைசரிடம் சொன்னாய், தாலி கட்டப்போகிறவளிடம் சொன்னாய். இவ்வளவு உண்மை சொல்கிற பிள்ளையை நான் மட்டும் வாசலிலேயே நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்கிவிட்டு, பால் காய்ச்சிவிட்டு, நானும் நைனாவும் திரும்பி வந்துவிடுவோம். அடுத்த நாள் வேலை முடிந்து நீ போன் செய்வாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன், கேட்காமல் என்னால் இருக்க முடியாது. நல்லா இல்லம்மா என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருவேன். நல்லா கீறேன்மா என்று சொன்னால், உன் குரலில் குழறல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கமாட்டேன். ரேவதியிடம் போனைக் கொடு என்று சொல்லமாட்டேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பி, போனை வைத்துவிட்டு, என் வேலையைப் பார்க்கப் போவேன்.

அம்மா